ஜெர்மனியில் ஏழு மாதம், மணலியில் பத்தொன்பது மாதம்

எங்கள் தெருவில் யாரிடம் என்னை அறிமுகம் செய்தாலும் என் அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "ஜெர்மனில வேலை பார்த்துட்டு வந்த பொண்ணு." துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தண்டையார்பேட்டையில் எங்கள் வரிசை வீடுகளில் முதலில் பாஸ்போர்ட் எடுத்தது நான்தான். அவர் அப்படிச் சொல்லும்போது நான் ஒருநாளும் திருத்தியதில்லை. எனக்கும் அது வேலையாகத்தான் தோன்றியது.

2024 ஜூன் மாதம், கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறைக்கு விவரங்களை நிரப்ப உட்கார்ந்தபோது, அந்த வாக்கியத்தில் 'வேலை' என்ற சொல் நிற்குமா என்று முதல்முறையாகக் கேட்க வேண்டி வந்தது. விடை கிடைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கொஞ்சம் மன வருத்தமும் பட்டேன். ஆராய்ச்சிக்காக வெளிநாடு போய்வந்து, அல்லது போகத் தயாராகி, பின்னால் குடியேற்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேதியியல்காரி. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் இருக்கும் கன உலோகங்கள்தான் என் பிஎச்டி. முகத்துவாரக்குப்பத்து அண்ணன் ஒருவர் தன் படகில் கூட்டிப்போவார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த இடங்களில் சேறு அள்ளி, காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவையும் பிடிக்கிற ஐசிபி-எம்எஸ் கருவியில் நேரம் கிடைக்க இங்கே மாதக்கணக்கில் வரிசையில் நின்றேன். அப்போதுதான் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்ய உதவித்தொகை கிடைத்தது. 2017 மார்ச் முதல் செப்டம்பர் வரை, 7 மாதம். காலை 8 மணிக்குப் போனால் மாலை 6 வரை ஆய்வகம்தான். கதவில் என் பெயர் ஒட்டியிருந்தது. கையில் சாவி, கழுத்தில் அடையாள அட்டை, மாதா மாதம் வங்கியில் பணம். இதை வேலை இல்லை என்று யாராவது சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

முதலில் போன குடியேற்ற ஆலோசனை அலுவலகத்தில் அப்படிச் சொல்லவும் இல்லை. அங்கே இருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "மேடம், ஃபாரின் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே, அதுக்கு வெயிட் ஜாஸ்தி. ரிசர்ச் சயன்டிஸ்ட்னு போட்டுடலாம். பிஎச்டி அஞ்சு வருஷத்தையும் சேர்த்துக்கலாம்" என்றார். கேட்க இனிமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து விதிகளை நானே படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் நான் விண்ணப்பிக்க நினைத்தது ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர், அதாவது திறன்பெற்ற பணியாளர் என்ற பிரிவில். அதில் அனுபவம் என்றால் என்ன என்பதை அந்த நாட்டுக் குடிவரவுத் துறை தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஊதியமோ கமிஷனோ பெற்றுச் செய்த வேலையாக இருக்க வேண்டும். தன்னார்வத் தொண்டும் சம்பளமில்லாத பயிற்சியும் சேராது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள், அவர்களுடைய தொழில் பட்டியலில் 'டீர்' எனப்படும் திறன் நிலைகளில் 0 முதல் 3 வரையிலான ஒன்றில் இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு, இடைவெளி விழாமல், வாரம் 30 மணி வீதம் 1,560 மணி நேரம். வாரம் 30 மணிக்கு மேல் உழைத்தாலும் 30 என்றே எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் அந்தத் தொழிலுக்கு எழுதியிருக்கும் பணிகளில் முக்கியமானவற்றை நாம் உண்மையிலேயே செய்திருக்க வேண்டும். பதவிப் பெயர் பெரிதாக இருப்பதால் ஒன்றும் ஆகாது.

எந்த நாட்டில் செய்தோம் என்பதற்கு அந்தப் பிரிவில் தனி மரியாதை கிடையாது. கனடாவுக்கு வெளியே என்றால் ஜெர்மனியும் ஒன்றுதான், கொருக்குப்பேட்டையும் ஒன்றுதான்.

சரி, நான் வாங்கியது ஊதியமா? பெட்டியில் இருந்த உதவித்தொகைக் கடிதத்தை ஏழு வருடம் கழித்து முழுதாகப் படித்தேன். வாங்கிய நாளில் தொகையையும் தேதியையும் மட்டும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பத்தியில், இந்த உதவித்தொகையால் எந்த வேலை உறவும் ஏற்படாது என்று அச்சிட்டிருந்தது. வாழ்க்கைச் செலவுக்கான உதவி, அவ்வளவே. ஆய்வகம் கொடுத்த சான்றிதழோ நான்கு வரி. 'விருந்தினர் ஆய்வாளராக எங்களுடன் இருந்தார், ஆர்வமாக ஈடுபட்டார், வாழ்த்துகிறோம்.' வாரத்துக்கு எத்தனை மணி என்று இல்லை, சம்பளம் என்று இல்லை, என்ன பணி என்றும் இல்லை. இந்தக் காகிதங்களை நானே ஓர் அதிகாரியாக இருந்து பார்த்தால் என்ன முடிவெடுப்பேன் என்று யோசித்தேன். படிப்பின் பகுதியாகப் போய்வந்த மாணவி என்றுதான் எழுதுவேன்.

அதே ஆய்வகத்தில், என் பக்கத்து மேசையில் மதுரைத் தம்பி ஒருவன் இருந்தான். அவனும் பிஎச்டி மாணவன்தான். ஆனால் அவனுடையது 'ஆர்பைட்ஸ்ஃபெர்ட்ராக்', அதாவது வேலை ஒப்பந்தம். அங்கே பல முனைவர் பட்ட மாணவர்களை 50, 65 சதவீதப் பணியாளர் என்ற கணக்கில் பல்கலைக்கழகமே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவனுக்கு 65 சதவீதம். மாதச் சம்பளச் சீட்டு வரும், அதில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு எல்லாம் பிடித்திருப்பார்கள். ஒரே கருவி, ஒரே அமிலப் புகை, பல இரவுகளில் அவனைவிட நான்தான் தாமதமாகக் கிளம்பினேன். ஆனாலும் அவன் காகிதம் வேலை என்று சொல்கிறது, என் காகிதம் சொல்லவில்லை. மாணவராக இருந்தபோது செய்தது என்ற ஒரே காரணத்தால் இந்தப் பிரிவில் தள்ளிவிடுவதில்லை. ஊதியம் பெற்றிருந்தால், தொடர்ச்சி இருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் எடுத்துக்கொள்வார்கள். வாரம் 40 மணியில் 65 சதவீதம் என்றால் 26 மணி. 60 வாரத்தில் 1,560 மணி நிறைந்துவிடும். அதாவது ஓராண்டு அனுபவத்துக்கு அவன் 14 மாதம் போல ஒப்பந்தத்தில் இருந்தால் போதும்.

கனடாவுக்கே ஆய்வுக்காகப் போனவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்பது, கனடாவுக்குள்ளேயே வேலை செய்தவர்களுக்கான வேறு பிரிவு. அதில் முழுநேர மாணவராக இருந்த காலத்து வேலை சேரவே சேராது, சம்பளம் வாங்கியிருந்தாலும்கூட. ஒரு பிரிவில் சரியென்பது இன்னொன்றில் தவறாகும். எந்தப் பிரிவு என்று முடிவு செய்யாமல் 'கணக்கில் வருமா' என்று கேட்பதில் பயன் இல்லை.

பிஎச்டி காலத்து ஃபெல்லோஷிப்பையும் நான் வேலையாகக் காட்டவில்லை. அப்போது ஆய்வு மாணவருக்கான ஜேஆர்எஃப் மாதம் 25,000 ரூபாய், அதற்கடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 28,000. வருமான வரிச் சட்டத்தின்படி அது படிப்புக்கான உதவித்தொகை. அதனால் சம்பளத்துக்கான வரிச் சான்றான ஃபார்ம் 16 கிடையாது, பிஎஃப் கிடையாது, நியமன ஆணையும் கிடையாது. இருந்தது மாணவர் அடையாள அட்டையும் சேர்க்கை எண்ணும்தான். ஒரு பக்கம் அந்த ஐந்து வருடத்தைக் கல்வித் தகுதியாகக் காட்டி டாக்டர் பட்டத்துக்குப் புள்ளி கேட்கிறேன். இன்னொரு பக்கம் அதே ஐந்து வருடத்தை வேலை என்று காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை, காட்ட ஆதாரமும் இல்லை. உண்மைக்கு மாறாகச் சொன்னது தெரியவந்தால் 5 ஆண்டு தடை. ஆலோசகருக்கு ஒன்றும் ஆகாது, தடை விழுவது நம் பெயரில்.

அப்புறம் என்னிடம் என்னதான் இருந்தது? பட்டம் வாங்கியதும் 2019 ஜூனில் வடசென்னையில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். 2022 ஏப்ரல் வரை. மூன்று வருடம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நியமன ஆணைகளை எடுத்து வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றும் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மே மாதத்துக்குச் சம்பளமும் இல்லை, ஆணையும் இல்லை. 11 மாதம், ஓர் ஓட்டை, 11 மாதம், ஓர் ஓட்டை, 11 மாதம். இடைவெளி இல்லாத ஓராண்டு கேட்கிறவர்களிடம் இதை எப்படி நீட்டுவது? சென்னையில் எத்தனை ஆயிரம் பேர் இப்படி மே மாதம் இல்லாத வாத்தியார்களாக இருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கோடை விடுமுறை என்று பெயர். உண்மையில் ஒவ்வொரு ஆண்டும் வேலையை விட்டு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கிறார்கள்.

2022 மே முதல் அக்டோபர் வரை எனக்கு வேலையே இல்லை. நவம்பரில் மணலியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தேன். டேங்கர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து போகும். கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டால் சரக்கு ரயில் போகும்வரை நிற்க வேண்டும். பிஎச்டி படித்துவிட்டு கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கிறாயா என்று உறவில் கேட்டவர்கள் உண்டு. எனக்கும் உள்ளுக்குள் அது ஒரு இறக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நியமனக் கடிதம் இருந்தது, பிஎஃப் எண் இருந்தது, மாதம் தவறாமல் சம்பளச் சீட்டு வந்தது, வாரம் 48 மணி என்று எழுத்தில் இருந்தது. மே மாதமும் இருந்தது. கனடாவின் பட்டியலில் வேதியியலாளர் என்பது 21101 என்ற குறியீடு, டீர் 1. இடைவெளி இல்லாத ஓராண்டு என்ற வாசலைத் திறந்தது இந்தப் பத்தொன்பது மாதம்தான்.

வாசலைத் தாண்டியபின் கணக்கு மாறுகிறது. தொடர்ச்சி வேண்டும் என்பது அந்தக் குறைந்தபட்ச ஓராண்டுக்குத்தான். அதன்மேல் புள்ளிகளுக்கு விட்டுவிட்டுச் செய்த மாதங்களையும் கூட்டலாம். கல்லூரி 33 மாதம், மணலி 19 மாதம், ஆக 52. தகுதிக்கான 100 புள்ளிக் கணக்கில் 4 முதல் 5 ஆண்டுக்கு 13 புள்ளி. டாக்டர் பட்டத்துக்கு 25, ஆங்கிலத்துக்கு 24, 35 வயதுக்குள் என்பதால் 12. மொத்தம் 74. தேவை 67. ஜெர்மனியின் 7 மாதத்தைச் சேர்த்தால் 59 மாதம், அதே 13 புள்ளிதான். ஐந்து வருட பிஎச்டியையும் சேர்த்தால் 15, இரண்டே புள்ளி கூடும். தகுதி பெற்றவர்களில் யாரை முதலில் அழைப்பது என்று பார்க்கும் தனித் தரவரிசைக் கணக்கிலோ வெளிநாட்டு அனுபவம் 3 ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் எத்தனை ஆண்டு காட்டினாலும் ஒன்றும் ஏறாது. எதற்காக நான் பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் இரண்டு மாதம் நின்றேனோ, அதனால் எனக்கு வரவேண்டியது எதுவுமே இருக்கவில்லை. இந்தக் கூட்டல் ஒரு தாளில் கால் மணி நேர வேலை. ஆலோசனைக் கட்டணம் கட்டுமுன் அதைச் செய்துவிடுங்கள்.

கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கியது தனிக் கதை. கனடாவில் கேட்பது சாதாரண அனுபவச் சான்றிதழ் இல்லை. நிறுவனத்தின் தாளில், முகவரி தொலைபேசியோடு, மேலதிகாரி கையெழுத்தில், பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுச் சம்பளம், செய்த பணிகள் எல்லாம் இருக்க வேண்டும். அலுவலகத்தில் முதலில் தந்தது 'நன்னடத்தையுடன் பணியாற்றினார்' என்று முடிகிற வழக்கமான தாள். இரண்டாவது முறை மணி நேரம் கேட்டபோது 16 என்று அடித்துக் கொடுத்தார்கள். "டைம் டேபிள்ல பதினாறு மணி நேரம்தானேம்மா இருக்கு?" என்றார் எழுத்தர். அவர் சொன்னது வகுப்பு நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளிலேயே உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி, மொத்தப் பணி 40 மணி என்று பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. தேர்வுத்தாள், ஆய்வக மேற்பார்வை, மாணவர் சந்திப்பு எல்லாம் அந்த மீதி நேரத்தில் வருகிறது. 16 என்று போனால் அது முழுநேர வேலையாகவே எண்ணப்படாது. நான் 40 என்று எழுதச் சொல்லவில்லை. எங்களுடையது மதிய ஷிப்ட், 1 மணி முதல் 6 வரை, வாரம் ஆறு நாள். வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. 30 மணி. பதிவேட்டைத் திறந்து காட்டியபின் மாற்றிக் கொடுத்தார். மூன்று முறை நடந்தேன். நீங்கள் போவதானால் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள், மரியாதையாகக் கேட்டால் செய்துதருவார்கள்.

இப்போது முக்கியமான இடம். வேலையாகக் கணக்கில் வராது என்பதால் ஜெர்மனியை விண்ணப்பத்திலிருந்து விட்டுவிடக் கூடாது. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் 'தனிப்பட்ட வரலாறு' என்று வேறொரு பகுதி உண்டு. 10 ஆண்டுகளில் ஒரு மாதம்கூட விடாமல் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். படிப்பு, வேலை, வேலையின்மை எல்லாம் அதில் வரும். ஜெர்மனி மாதங்களை அங்கே மாணவர் ஆய்வுப் பயணம் என்று எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். சும்மா இருந்த ஆறு மாதத்தையும் அப்படியே.

கூடவே இன்னொன்று. 10 ஆண்டுகளில் எந்த நாட்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தாலும் அந்த நாட்டுக் காவல் சான்றிதழ் கேட்பார்கள். நான் 7 மாதம் இருந்தவள். ஜெர்மனியில் அதற்கு 'ஃபூரங்ஸ்ட்சோய்க்னிஸ்' என்று பெயர், பான் நகரிலிருக்கும் மத்திய நீதி அலுவலகம் 13 யூரோவுக்குத் தரும். வாங்கும் வேலையை முன்கூட்டியே தொடங்கினேன், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் தேட நேரம் இருக்காது. ஐந்தரை மாதம் போய்வந்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. தங்கும் தேதியைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஆனால் சோதனை முடிய ஏழு மாதம் வேண்டும் என்றால் ஏழு மாதம் இருங்கள். சான்றிதழுக்குப் பயந்து ஆராய்ச்சியைச் சுருக்க வேண்டாம்.

மற்ற நாடுகளில் சொற்கள் மாறினாலும் கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவின் புள்ளிக் கணக்கில் வாரம் குறைந்தது 20 மணி, ஊதியத்துடன், விண்ணப்பிக்கும் தொழிலிலோ நெருங்கிய தொழிலிலோ இருக்க வேண்டும். அங்கேயும் வெளிநாட்டு அனுபவம் 3 ஆண்டு ஆனபின்தான் 5 புள்ளி, டாக்டர் பட்டத்துக்கோ 20. பிரிட்டனில் கல்வியாளர்கள் 12 மாதம் வரை வருகையாளர் விசாவில் ஆராய்ச்சிக்குத் தங்கலாம், ஆனால் அந்த விசாவின் நிபந்தனையே அங்கே வேலைக்குச் சேரக் கூடாது என்பதுதான். அந்த மாதங்களை அப்புறம் வேலை என்று காட்டினால் நிபந்தனையை மீறினேன் என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும். ஜெர்மனியிலேயே நிரந்தரமாகத் தங்க நினைப்பவர்களுக்கு ஓய்வூதியக் காப்பீட்டுப் பங்களிப்பு மாதங்களை எண்ணுகிறார்கள். திறன்பெற்ற பணியாளர்களுக்கு 36 மாதம். மதுரைத் தம்பிக்கு அந்தப் பங்களிப்பு ஒவ்வொரு மாதமும் சேர்ந்தது. எனக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அந்த ஏழு மாதம் வீணா என்று அப்பா கேட்டார். விஷயத்தை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "அப்போ அது வேலை இல்லயா நைனா?" என்று நான்தான் சின்ன வயதுப் பழக்கத்தில் அவரிடமே திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கப்பல்ல நாங்க மூட்டை எறக்குனதையும் மொதல்ல கூலின்னுதான் எழுதுனான். பி.எஃப். புடிச்ச அப்புறம்தான் வேலைன்னு எழுதுனான். மூட்டை ஒண்ணுதாம்மா" என்றார். விதிகளைப் படித்துப் படித்து நான் புரிந்துகொண்டதை அவர் முன்னாலேயே அறிந்திருக்கிறார்.

வீண் இல்லை. டாக்டர் பட்டமே அந்த அளவீடுகளால்தான் முடிந்தது, அதற்கு 25 புள்ளி. மணலிக் கூடத்தில் என்னை எடுத்ததும் ஐசிபி-எம்எஸ் தெரிந்தவள் என்பதால்தான். அந்த ஆராய்ச்சியின் பலன் பட்டத்தின் வழியாகவும் பின்னால் வந்த வேலையின் வழியாகவும் எனக்குக் கிடைத்திருக்கிறது. பெட்டியில் இன்னும் அந்த ஊர்ப் பதிவுச் சீட்டு, 'அன்மெல்டுங்', பத்திரமாக இருக்கிறது. வந்த தேதியையும் தங்கிய முகவரியையும் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. கிளம்பும்போது பதிவை நீக்கிய சீட்டையும் வாங்கியிருந்தேன். இதை மட்டும் அன்றே சரியாகச் செய்திருக்கிறேன்.

என் சுயவிவரம் இப்போது 'குளத்தில்', அதாவது அழைப்புக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலில் இருக்கிறது. நானும் காத்திருக்கிறேன். மணலிக்குப் போய்வருகிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி விம்கோ நகர் மெட்ரோவில் இருந்து போன் செய்தாள். திருவொற்றியூர்ப் பெண், இப்போது பிஎச்டி இரண்டாம் வருடம். "மேடம், ஜெர்மனி லெட்டர் வந்துடுச்சு! ஒன்பது மாசம்!" ரயில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மகிழ்ச்சியைச் சொல்லிவிட்டு, கடிதத்தில் இருப்பது உதவித்தொகையா, வேலை ஒப்பந்தமா என்று பார்க்கச் சொன்னேன். உதவித்தொகைதான். அந்தப் பேராசிரியரிடம் பகுதிநேர ஒப்பந்தத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்பது தவறா என்று தயங்கினாள். தவறே இல்லை, அங்கே எல்லோரும் கேட்கிறார்கள் என்றேன். உதவித்தொகை தருபவர்கள் கூடவே சம்பள வேலை பார்க்க அனுமதிப்பார்களா என்பதை முதலில் எழுதிக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கிடைக்காவிட்டால், கிளம்பும்போது வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன பணி, யார் பணம் கொடுத்தது என்று விவரமாக ஒரு கடிதமாவது வாங்கிவர வேண்டும்.

அன்று மாலை அவள் எழுதிய மின்னஞ்சலை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டையும் அடித்துவிட்டு, அனுப்பு என்றேன்.